பம்பரில் ஓட்டை போடாதே!

அமெரிக்காவில் ஒரு மாநிலம் முடிந்து அடுத்த மாநிலம் ஆரம்பிப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

நம்மூரில் சுலபம். ஓசூர் தாண்டினால் கடை போர்டில் எழுத்து மாறும். வாளையாறு தாண்டினால் பஜ்ஜிக்கடைப் பழம் மாறும். தடா தாண்டினால் ஊறுகாயின் காரம் மாறும். அமெரிக்காவில் இதெல்லாம் நடக்காது. எழுத்து ஒன்றுதான். பர்கர் ஒன்றுதான். காபி என்ற பெயரில் ஒரு முழ உயர டம்ளரில் கொடுக்கிற கருப்பு வெந்நீரும் ஒன்றுதான்.

ஆனால் எதிரே வருகிற கார்களின் மூக்கைக் கவனியுங்கள். அது மாறும்!

மூக்கு என்று நான் சொல்வது முன்பக்க பம்பரை. பென்சில்வேனியா மாநிலத்தில் காருக்குப் பின்னால் மட்டும் நம்பர் பிளேட் இருந்தால் போதும். பக்கத்து மாநிலமான நியூ ஜெர்சியில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, இரண்டும் கட்டாயம். நடுவில் டெலவேர் ஆறு. அந்தக் கரையில் சட்டப்படி மொழுக்கென்று இருக்கும் மூக்கு, இந்தக் கரையில் மூக்குத்தி போட்டே ஆக வேண்டும். இல்லாவிட்டால் போலீஸ்காரர் சிவப்பு, நீல விளக்குகளைச் சுழல விட்டுக்கொண்டு பின்னாலேயே வருவார்.

மொத்தம் ஐம்பது மாநிலங்கள். இதில் இருபதுக்கும் மேற்பட்டவை 'பின்னால் மட்டும்' கட்சி. மற்றவை 'முன்னாலும் வேண்டும்' கட்சி. கட்சி தாவலும் உண்டு. அலாஸ்கா 2022-ல் தாவியது. ஒஹாயோ மாநிலம் 2020 ஜூலை 1-ம் தேதி முன் பிளேட்டுக்கு விடை கொடுத்தது. போலீஸ் தரப்பிலிருந்து எதிர்ப்பு வந்தும் கேட்கவில்லை. யூட்டா 2025 ஜனவரி 1-ம் தேதி தாவியது. ஒரு தகரம் குறைந்தால் அரசாங்கத்துக்கு அத்தனை லட்சம் தகரம் மிச்சம். பி.காம். படித்தவன் என்ற முறையில் இந்த வாதத்துக்கு நான் தலை வணங்குகிறேன்.

எதிர்க்கட்சியின் வாதமும் லேசானதில்லை. கார் பாதி நேரம் நம்மை நோக்கித்தானே வருகிறது? இடித்துவிட்டு ஓடுகிறவன், சிக்னலை மீறுகிறவன், டோல் கட்டாமல் நழுவுகிறவன், எவனாக இருந்தாலும் கேமராவுக்கு இரண்டு பக்கமும் நம்பர் தெரிந்தால் ஒன்றிலாவது மாட்டுவான்.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். முன்னால் பிளேட் தேவையில்லை என்று சட்டம் சொல்லும் ஊரில், பல பேர் காலியாக இருக்கும் அந்த இடத்தில் தாங்களே காசு கொடுத்து வாங்கிய ஒரு பலகையை மாட்டுகிறார்கள். படித்த கல்லூரி, பிடித்த ஃபுட்பால் டீம், ஏசுநாதர், நாய்க்குட்டி! இரண்டும் கட்டாயம் என்கிற ஊரில் ஒவ்வொருத்தனும் அதை எப்படி மாட்டாமல் தப்பிக்கலாம் என்று யோசிக்கிறான். மனித சுபாவம் என்பது அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கமும் இதேதான் சார்!

* * *

நம்பர் பிளேட்டில் இவ்வளவு ஞானம் எனக்குத் தானாக வரவில்லை. 'டெபிட்' மூலமாக வந்தது.

டெபிட் என் கல்லூரித் தோழன். பி.காம். வகுப்பில் மூன்று வருஷமும் இடப்பக்கக் கடைசி பெஞ்சை விட்டு நகரவில்லை. கணக்குப் பதிவியலில் இடது பக்கம் டெபிட் அல்லவா? அதுவே பெயராகிவிட்டது. பிற்பாடு கம்ப்யூட்டர் கணக்கு மென்பொருள் ஒன்றைக் கற்றுக்கொண்டு, எச்-1பி விசாவில் அமெரிக்கா போய்ச் சேர்ந்தான். பிலடெல்ஃபியா பக்கத்தில் நாலு வருஷம் இருந்தான். 2025-ல் நியூ ஜெர்சிக்கு வேலை மாற்றம். எடிசன் என்ற ஊரில் அபார்ட்மென்ட். மனைவி, ஆறு வயதுப் பெண், ஒரு ஜெர்மன் கார்.

கார் சொந்தமில்லை, லீஸ். அதாவது மூன்று வருஷத்துக்கு மாதாமாதம் பணம் கட்டி ஓட்டுவது. முடிந்ததும் வாங்கின மாதிரியே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கீறல், நெளிசல், கிழிசல் எல்லாவற்றையும் கடைக்காரர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து பில் போடுவார். டெபிட்டுக்கு இன்னும் பதினாலு மாதம் பாக்கி.

பென்சில்வேனியாவில் வாங்கின கார் என்பதால் முன் பம்பரில் ஒரு ஓட்டை கூட இல்லை. வழவழவென்று கறுப்பு நாவல்பழம் மாதிரி மின்னும். உற்றுப் பார்த்தால் நடுவில் இரண்டு சிறு பள்ளங்கள் மட்டும் தெரியும். 'தேவைப்பட்டால் இங்கே டிரில் போடவும்' என்று கம்பெனியே வைத்திருக்கும் பொட்டு. அந்தப் பொட்டில் டிரில்லை வைக்க டெபிட்டுக்கு மனசு வரவில்லை.

சட்டமோ காத்திருக்காது. நியூ ஜெர்சியில் குடியேறினால் அறுபது நாளைக்குள் காரை அந்த மாநிலத்துக்கு மாற்றிப் பதிய வேண்டும். மோட்டார் வாகன ஆபீசில் டெபிட் போய் நின்றான். லீஸ் கம்பெனியின் காகிதங்களைக் கொடுத்து, கட்ட வேண்டியதைக் கட்டினான். மஞ்சள் நிறம் மங்கி வெள்ளையாகும் இரண்டு தகடுகளைக் கையில் கொடுத்தார்கள். 'தோட்ட மாநிலம்' என்று அடியில் ஆங்கிலத்தில் எழுதியிருக்கும்.

ஒன்றைப் பின்னால் மாட்டினான். இன்னொன்று பிரிட்ஜ் மேல் உட்கார்ந்துகொண்டது.

* * *

அந்தச் சமயத்தில்தான் நான் போய்ச் சேர்ந்தேன். மே மாதம், உறவுக்காரர் வீட்டு விசேஷம், பிலடெல்ஃபியாவில். டெபிட் அங்கேயே வந்து என்னைக் காரில் ஏற்றிக்கொண்டான்.

"மாப்ளே, ஆறு தாண்டினதும் போலீஸ் கார் எங்கயாவது நிக்குதான்னு பார்த்துக்கிட்டே வா."

"ஏன்டா, கடத்தல் சரக்கு ஏதாவது வச்சிருக்கியா?"

"முன்னாடி பிளேட் இல்லடா!"

இப்படியாக, ஒரு கிரிமினலின் பக்கத்து சீட்டில் என் நியூ ஜெர்சிப் பயணம் ஆரம்பமாயிற்று.

டெலவேர் ஆற்றை நாங்கள் டிரென்டனில் கடந்தோம். பழைய இரும்புப் பாலம். அதன் பக்கவாட்டில் ஆளுயரத்துக்கு மேல் எழுத்துகள்: 'டிரென்டன் செய்கிறது, உலகம் வாங்கிக்கொள்கிறது' என்று பொருள்படும் ஆங்கில வாசகம். 1935-லிருந்து இந்தப் பாலத்தில் இருக்கிறது. வெறும் ஜம்பம் இல்லை. சான்ஃபிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தைத் தாங்கும் இரும்பு வடங்கள் இந்த ஊர் ரோப்லிங் கம்பெனியின் கைவண்ணம்தான். இப்போது செய்வது குறைந்துவிட்டது. பலகை மட்டும் ராத்திரியில் பளிச்சென்று எரிகிறது.

சில மைல் வடக்கே போனால் ஜார்ஜ் வாஷிங்டன் ஆற்றைக் கடந்த இடம் இருக்கிறது. 1776 டிசம்பர் 25 ராத்திரி, பனிக்கட்டி மிதக்கும் ஆற்றில் படகுகளை விட்டு, இதே பென்சில்வேனியாக் கரையிலிருந்து இதே நியூ ஜெர்சிக் கரைக்கு வந்து, மறுநாள் காலை டிரென்டனில் எதிரிப் படையை மடக்கினார். அமெரிக்க சுதந்திரப் போரில் காற்று திரும்பிய இடம் அது.

"அவருக்கு என்னடா, படகுக்கு முன்னாடி பிளேட் கேட்டாங்களா?" என்று டெபிட் பெருமூச்சு விட்டான்.

நியூ ஜெர்சி ஒரு தனி ரகம். பெட்ரோல் பங்க்கில் நாமே இறங்கிப் பெட்ரோல் போட்டுக்கொள்வதுதான் அமெரிக்க வழக்கம். ஆனால் நியூ ஜெர்சியில் அது சட்டப்படி குற்றம்! 1949-லிருந்து இந்தச் சட்டம். ஊழியர்தான் வந்து போட வேண்டும். நம்மூர் மாதிரியே கண்ணாடியை இறக்கி, "ஃபுல் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு ராஜா மாதிரி உட்காரலாம். எனக்கு ஊருக்கே வந்துவிட்ட மாதிரி இருந்தது.

இன்னொரு விசேஷம்: பல பெரிய ரோடுகளில் இடப்பக்கம் திரும்ப வேண்டுமானால் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும். குடத்தின் கைப்பிடி மாதிரி வளைந்து போகும் ஒரு கிளை ரோடில் போய்ச் சுற்றிக்கொண்டு வந்தால் இடப்பக்கம் வந்து சேரும். நம் அரசியல்வாதிகள் படிக்க வேண்டிய போக்குவரத்து முறை.

* * *

எடிசன் என்கிற பெயர், பல்ப் எடிசனேதான். 1879-ல் அவர் தன் பல்பை எரிய வைத்த மென்லோ பார்க் சோதனைச்சாலை இங்கேதான் இருந்தது. அந்த இடத்தில் நெட்டையாய் ஒரு கோபுரம், உச்சியில் ராட்சத பல்ப். ரேரிட்டன் என்றிருந்த ஊர்ப் பெயரை 1954-ல் எடிசன் என்று மாற்றிக்கொண்டார்கள்.

எடிசன் இப்போது வந்து பார்த்தால் பல்பை விட்டுவிட்டு பருப்புக் கடை வைத்துவிடுவார். ஓக் ட்ரீ ரோடு என்று ஒரு தெரு. புடவை, நகை, பானிபூரி, வெற்றிலை. எதிரே வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் நம்மவர்கள். முருங்கைக்காய் கிடைக்கிறது, விலையைக் கேட்டால்தான் சாம்பாரில் போட மனசு வராது.

டெபிட்டின் அபார்ட்மென்ட்டுக்குள் நுழைந்ததும் ஒன்றைக் கவனித்தேன். சுவரில் ஒரு ஆணி கூட இல்லை. சாமி படங்கள் பசை டேப்பில் ஒட்டியிருந்தன. காலண்டர் ஒரு ரப்பர் உறிஞ்சியில் தொங்கியது. டெபிட்டின் அப்பா படம் மட்டும் கண்ணாடி ஃபிரேம், நல்ல கனம். பசை தாங்கவில்லையாம். புத்தக அலமாரி மேல் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். அவர் தவறி இரண்டு வருஷம் ஆகிறது.

"ஆணி அடிக்கக் கூடாதாண்ணா. வாடகைக்காரங்க ரூல்" என்றார் டெபிட்டின் மனைவி, காபி கொடுத்தபடி. "சுவத்துல ஓட்டை கூடாது, கார்ல ஓட்டை கூடாது. நாலு வருஷமா இந்த ஊர்ல எங்க வாழ்க்கையே ஒட்டினதுதான்."

டெபிட் பேப்பரை எடுத்து முகத்தை மூடிக்கொண்டான். இந்த வாக்கியம் அந்த வீட்டில் முதல் தடவையாகச் சொல்லப்படவில்லை என்று தெரிந்துவிட்டது.

* * *

ஞாயிற்றுக்கிழமை காலை. அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் காரைச் சுற்றி ஒரு பஞ்சாயத்து கூடிவிட்டது. ஒரு மதுரைக்காரர், ஒரு தஞ்சாவூர்க்காரர், ஒரு கோயமுத்தூர்க்காரர், நான். தமிழன் நாலு பேர் கூடினால் சங்கம் ஆரம்பிப்பான் என்பார்கள். நாங்கள் பம்பரைப் பார்த்தோம்.

மதுரைக்காரர் முதலில் பேசினார். "இதுக்கு எதுக்குங்க இம்புட்டு யோசனை? கண்ணாடிக்கு உள்ளாற டாஷ்போர்டு மேல சாச்சு வைங்க. வெளிய இருந்து பார்த்தாத் தெரியுதுல்ல?"

தெரியும். ஆனால் செல்லாது. பிளேட் வண்டிக்கு வெளியே, முன்பக்கம், படுக்கை வசமாக, ஆடாமல் இருக்க வேண்டும். தரையிலிருந்து 12 அங்குலத்துக்குக் குறையாமல், 48 அங்குலத்துக்கு மேல் போகாமல் இருக்க வேண்டும். அழுக்கு, கிரீஸ் இல்லாமல் படிக்கத் தெரிய வேண்டும்.

தஞ்சாவூர்க்காரர் ஒரு காந்தத்தோடு வந்திருந்தார். பம்பரில் வைத்தார், பொத்தென்று விழுந்தது. இந்தக் கால பம்பரின் மேல்தோல் பிளாஸ்டிக். அதற்கு உள்ளே மெத்து மெத்தென்று ஃபோம் மாதிரி ஒரு அடுக்கு, அதற்கும் பின்னால்தான் இரும்போ அலுமினியமோ ஒரு உத்திரம். காந்தத்துக்கு அங்கே வேலையில்லை.

"அப்ப, ரெண்டு பக்கமும் ஒட்டுற டேப்?" என்றார் விடாமல்.

இது யோசிக்க வேண்டிய யோசனை. கார் கம்பெனிகளே பெயர்ப்பட்டையையும் ஓரப்பட்டையையும் ஒட்டப் பயன்படுத்துகிற கெட்டி டேப் கடையில் கிடைக்கிறது. பரப்பைச் சாராயம் கலந்த திரவத்தால் துடைத்து, ஈரமும் மெழுகும் இல்லாமல் ஒட்டினால் உடும்புப் பிடி. ஆனால் இரண்டு சிக்கல். பம்பர் வளைவு, தகடு தட்டை, நடுவில் மட்டும்தான் ஒட்டும். இரண்டாவது, பதினாலு மாதம் கழித்துப் பிய்க்கும்போது பெயின்ட்டும் சேர்ந்து வந்தால்? டெபிட்டின் முகம் வெளுத்தது.

அடுத்து கிரில். அதாவது முன்பக்கத்து ஜன்னல் கம்பி மாதிரி இருக்கும் பகுதி. அதில் பிளேட்டை வைத்து, பின்பக்கம் கொக்கி போட்டு முறுக்கிவிடலாம். அவசரத்துக்கு வயர் கட்டுகிற பிளாஸ்டிக் டேக் போட்டுக் கட்டுகிறவர்களும் உண்டு. பல கார்களுக்கு இது நல்ல வழி. ஆனால் டெபிட்டின் காருக்கு ஆகாது. காரணம், கிரில்லுக்கு நடுவில் ஒரு வழவழப்பான சதுரம். அதன் பின்னால் ரேடார். முன்னால் போகும் வண்டியைப் பார்த்துத் தானாகவே வேகத்தைக் குறைக்கும் கருவி. அதன் கண்ணைத் தகரத்தால் மறைத்தால் கார் குருடாகிவிடும். பார்க்கிங் சென்சார்களுக்கும் அப்படித்தான். தவிர, கிரில் என்பது ரேடியேட்டருக்கு மூச்சு விடும் வழி. அதை ரொம்ப அடைக்கக் கூடாது.

கடைசியில் கோயமுத்தூர்க்காரர் வாயைத் திறந்தார். அதுவரை அவர் ஒன்றும் பேசாமல் குனிந்து பம்பரைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏனுங்க, இந்த மூடியத் தொறந்து பார்த்தீங்களா?"

பம்பரில் ஒரு ஓரமாக, தீப்பெட்டி அளவில் ஒரு சின்ன மூடி. பெயின்ட்டோடு பெயின்ட்டாக இருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. ஒரு பக்கம் அழுத்தினார், மறுபக்கம் எழும்பியது. உள்ளே மரை போட்ட ஒரு துளை. ரிப்பேராகி நின்றுவிட்ட காரைக் கட்டி இழுப்பதற்கான இடம். இழுவைக் கொக்கியை அதில் திருகி, கயிறு மாட்டி இழுப்பார்கள். அந்தத் துளை பிளாஸ்டிக்கில் இல்லை, பின்னால் இருக்கும் உலோக உத்திரத்தில் இருக்கிறது. காரையே இழுத்தாலும் தாங்கும். ஒரு தகரத்தைத் தாங்காதா?

"கம்பெனியே ஓட்டை போட்டுத்தானுங்க குடுத்திருக்கான். நாம எதுக்கு இன்னொண்ணு போடணும்?" என்றார். கொடிசியா வளாகத்திலேயே பிறந்தவர் போலிருக்கிறது.

இந்தத் துளைக்கென்றே பிளேட் தாங்கிகள் விற்கிறார்கள். ஒரு பக்கம் மரை உள்ள தண்டு, மறுபக்கம் பிளேட்டை மாட்டும் சட்டம். டெபிட் ஐம்பது டாலருக்கு வரவழைத்தான். நம்ம பணத்துக்கு நாலாயிரத்துக்கு மேல். வாங்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: காரின் மாடல், வருஷம் இரண்டும் பொருந்த வேண்டும். மரையின் கனமும் நெருக்கமும் காருக்குக் கார் மாறும்.

* * *

அடுத்த சனிக்கிழமை மாட்டு விழா. பெட்டியைப் பிரித்தோம். டெபிட் தண்டைத் துளையில் வைத்து வலப்பக்கம் திருகினான். ஏறவில்லை. மதுரைக்காரர் திருகினார், தஞ்சாவூர்க்காரர் திருகினார். ம்ஹூம். கோயமுத்தூர்க்காரர் வாங்கி இடப்பக்கம் திருகினார். வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று! சில ஜெர்மன் கார்களில் இந்த மரை இடச்சுற்று. உலகமே வலப்பக்கம் திருகும்போது இது மட்டும் இடப்பக்கம்.

"உனக்குன்னே செஞ்ச கார்டா, டெபிட்!" என்றேன். பதினைந்து வருஷத்துக்கு அப்புறம் அந்தப் பெயரின் பூர்வீகம் அவன் மனைவிக்கு அன்றுதான் தெரிந்தது. ரொம்ப நேரம் சிரித்தார்.

தண்டு உள்ளே போனதும் பூட்டு நட்டை இறுக்க வேண்டும். மரையில் ஒரு சொட்டு நீலப் பசை விட்டால் அதிர்ச்சியில் கழலாது. பிளேட்டின் மேல் ரசமட்டத்தை வைத்துக் குமிழி நடுவில் வருகிறதா என்று பார்த்தோம். பன்னிரண்டு அங்குலம் நீளம், ஆறு அங்குலம் உயரம். 1950-களின் நடுவிலிருந்து அமெரிக்கா முழுக்க கார் பிளேட்டுக்கு இதே அளவு. தரையிலிருந்து உயரம் அளந்தோம். சட்டத்துக்குள் அடங்கியது.

பிளேட் நடுவில் இல்லாமல் ஓரமாய் இருந்தது. காது குத்தின மாதிரி ஒரு ஒயில். இதற்கும் இரண்டு எச்சரிக்கை உண்டு. கார் நின்றுபோய் இழுக்க வேண்டி வந்தால் முதலில் இதைக் கழற்ற வேண்டும், எனவே ஸ்பானர் காரிலேயே இருக்க வேண்டும். பார்க்கிங்கில் யாராவது பிளேட்டின் மேல் இடித்தால், ஃபோம் வாங்க வேண்டிய அடியைத் தண்டு நேராக உத்திரத்துக்குக் கொண்டுபோகும். லேசாய் இடித்தால்கூட ஒருமுறை குனிந்து பார்ப்பது நல்லது.

* * *

பிளேட் விஷயத்தில் டெபிட் மட்டும் விசித்திரப் பிறவி என்று நினைக்காதீர்கள். ஆப்பிள் கம்பெனியின் ஸ்டீவ் ஜாப்ஸ் பிளேட்டே இல்லாமல் வெள்ளி நிற பென்ஸ் ஓட்டியவர். கலிஃபோர்னியாவில் அப்போது புதுக் காருக்குப் பிளேட் மாட்ட ஆறு மாதம் அவகாசம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே மாதிரி இன்னொரு காரை லீஸுக்கு மாற்றிக்கொண்டே இருந்தாராம். 2019 ஜனவரி முதல் அந்த சந்து அடைபட்டது. கடையை விட்டு வெளியே வரும்போதே தற்காலிக பிளேட் வேண்டும்.

நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் பிளேட்டில் ஒரு வாசகம்: 'சுதந்திரமாய் வாழ், அல்லது செத்து மடி.' ஒருவர் தன் மத நம்பிக்கைக்கு அது ஒத்துவரவில்லை என்று அதை மறைத்து ஒட்டி, ஜெயிலுக்குப் போய், சுப்ரீம் கோர்ட் வரை வழக்காடி 1977-ல் ஜெயித்தார். ஒரு வாசகத்தைச் சுமக்கும்படி குடிமகனைக் கட்டாயப்படுத்த முடியாது என்றது கோர்ட். 'சுதந்திரமாய் வாழ்' என்ற அந்தத் தகட்டை அச்சடிப்பது யார் தெரியுமா? அந்த மாநில ஜெயில் கைதிகள்!

நம்மூரில் 2019 ஏப்ரல் 1 முதல் புது வண்டிக்கெல்லாம் உயர் பாதுகாப்பு பிளேட். ஒருதரம் பூட்டினால் உடைத்துத்தான் எடுக்க முடியும். ஓட்டை போடலாமா என்று நம்மை யாரும் கேட்பதில்லை. ஷோரூம்காரரே போட்டுக் கொடுத்துவிடுகிறார். நாமும் சந்தோஷமாய் வீட்டுக்கு ஓட்டி வருகிறோம். நம் வண்டி, நம் ஊர், இருக்கப்போவதும் இங்கேதான்.

டெபிட்டுக்கு அப்படியில்லை.

* * *

பிளேட் மாட்டினதற்குப் பூஜை போட வேண்டும் என்றார் டெபிட்டின் மனைவி. பிரிட்ஜ்வாட்டர் என்ற ஊரில் வெங்கடேசப் பெருமாள் கோயில் இருக்கிறது. வாகன பூஜை உண்டு. அர்ச்சகர் வந்தார், மந்திரம் சொன்னார், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார். குங்குமத்தோடு பிளேட் பக்கம் குனிந்த விரல் சட்டென்று நகர்ந்து பம்பரில் பொட்டு வைத்தது. "நம்பர் மறையக் கூடாது பாருங்கோ" என்றார். சட்டம் தெரிந்த அர்ச்சகர்!

திரும்பும் வழியில் குழந்தை தூங்கிவிட்டாள். டெபிட் தானாகவே பேச ஆரம்பித்தான்.

"ஒரு ஓட்டைக்கு இவ்வளவு அலட்டலான்னு நீ நினைக்கிறே. காருக்கு அறுபது நாள் டயம் குடுத்தாங்கல்ல? எனக்கும் அதே அறுபதுதான் மாப்ளே. வேலை போச்சுன்னா அறுபது நாளைக்குள்ள வேற வேலை கிடைக்கணும். இல்லேன்னா மூட்டை கட்டணும். அப்போ இந்தக் காரை உடனே திருப்பித் தரணும், வீட்டைக் காலி பண்ணணும். அன்னிக்கு ஓட்டைக்கெல்லாம் கணக்குச் சொல்லிக்கிட்டு நிக்க முடியாது."

கிரீன் கார்டுக்கு வரிசையில் நிற்கிறான். வேலை வழியாகக் கொடுக்கிற கார்டுகளில் எந்த ஒரு நாட்டுக்கும் ஏழு சதவீதத்துக்கு மேல் கிடையாது என்பது விதி. லக்சம்பர்க்குக்கும் ஏழு, நமக்கும் ஏழு. வரிசையின் நீளத்தை நீங்களே யூகித்துக்கொள்ளலாம்.

பின் சீட்டிலிருந்து அவன் மனைவி சொன்னார்: "போகணும்னு வந்தா போவோங்க. அதுக்காக இருக்கிற நாளெல்லாம் கிளம்பத் தயாரா நின்னுக்கிட்டே இருக்கணுமா? பாப்பாவுக்கு வயசு ஆறு. அவ இதுவரைக்கும் ஆணி அடிச்ச ஒரு வீட்டைப் பார்த்ததில்ல."

டெபிட் பதில் சொல்லவில்லை. கைப்பிடி ரோடு வந்தது. வலப்பக்கம் ஒதுங்கி, சுற்றி, இடப்பக்கம் திரும்பினான். எதிரே ஒரு போலீஸ் கார் நின்றிருந்தது. டெபிட் வழக்கம்போல் ஸ்டியரிங்கை இறுக்கினான். அப்புறம் ஞாபகம் வந்து கையைத் தளர்த்தினான்.

மறுநாள் காலை எனக்கு விமானம். பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். ஹாலில் டொக், டொக் என்று சத்தம். எட்டிப் பார்த்தால், நாற்காலி மேல் ஏறி நின்று டெபிட்டின் மனைவி சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தார். கீழே குழந்தை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

டெபிட் பல் துலக்கின வாயோடு ஓடி வந்தான். "டெபாசிட்ல பிடிப்பான்!"

"பிடிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, அலமாரி மேலிருந்து மாமனார் படத்தை எடுத்து மாட்டிவிட்டு இறங்கினார்.

டெபிட் கொஞ்ச நேரம் ஆணியைப் பார்த்தான். கொஞ்ச நேரம் அப்பாவைப் பார்த்தான். படம் லேசாக இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

உள்ளே போய் ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு வந்தான்.